14 மாதமாகப் படர்தாமரை: மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டோம், பிறகும் ஏன் போகவில்லை?

#1 வேளச்சேரி வெங்காயம்

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஐப்பசி மழையில் பைக்கில் நனைந்து, அதே ஈர ஜீன்ஸோடு ஆபீஸ் ஏசியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததில், தொடை இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக வந்தது. ஓரம் மட்டும் சிவந்து தடித்திருந்தது, நடுவில் தோல் சாதாரணமாகவே இருந்தது. மெடிக்கலில் காட்டவா முடியும், வாயால் சொன்னேன், ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். நாலே நாளில் அரிப்பு நின்றது, நானும் விட்டுவிட்டேன். பத்தாம் நாள் திரும்பி வந்தது, இந்த முறை வட்டமாக இல்லை, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்றே தெரியாமல் பரவியிருந்தது. மறுபடி ட்யூப். இப்படி ஐந்து ட்யூப்.

அதற்குள் மனைவிக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில், அம்மாவுக்கு மார்புக்குக் கீழே, நாலு வயது மகளுக்குக் கன்னத்தில். சரி என்று தோல் மருத்துவரிடம் போனோம். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை, 250 மில்லிகிராம், நான்கு வாரம். ராத்திரி 9 மணிக்கு ஃபோனில் அலாரம் வைத்துச் சாப்பிட்டேன், ஒரு நாள்கூட விடவில்லை. குறைந்த மாதிரி இருந்தது, நிறுத்திய மூன்றாவது வாரம் பழைய இடத்திலேயே முளைத்தது. வேறு ஒரு டாக்டரிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீங்களா?" அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. இப்போது மார்கழி. நான் ட்யூப் போட்டுப் போட்டு இந்தப் பூஞ்சையை நானே மருந்துக்குப் பழக்கிவிட்டேனா? இங்கே யாருக்காவது இதன் அறிவியல் தெரிந்தால் சொல்லுங்கள். "வேப்பிலை போடுங்கள்" என்பவர்கள் மன்னிக்கவும், அதையும் போட்டாயிற்று.

#2 சும்மா வந்தவன்

ப்ரோ, சொன்னால் கோபப்படாதீர்கள், எல்லோரும் "ஒரு நாள்கூட விடவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். கோர்ஸை முடிக்காமல் பாதியில் விட்டால் கிருமி தேறிவிடும், இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

#3 மெடிக்கல் பாண்டி

நான் மெடிக்கல் வைத்திருக்கிறேன், ஊர் வேண்டாம். அந்த ட்யூப் என்ன என்று எனக்குப் பெயர் கேட்காமலே தெரியும். ஒரே களிம்பில் மூன்று நான்கு மருந்து: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டாசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு. நாலு நாளில் அரிப்பை நிறுத்தியது அந்த ஸ்டீராய்டுதான், பூஞ்சை மருந்து இல்லை. ஸ்டீராய்டு என்ன செய்யும் என்றால் தோலில் நடக்கும் சண்டையை நிறுத்திவிடும், சிவப்பும் தடிப்பும் அடங்கும், பூஞ்சை நிம்மதியாக மேயும். ஓரம் தெரியாமல் பரவியது என்றீர்களே, அது அதனால்தான்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று ட்யூபிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கும். 2018ல் இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள், சில கூட்டு மருந்துகளைத் தடையும் செய்தார்கள். ஆனாலும் ஆள் வந்து நிற்கிறார், "அந்தப் பச்சை ட்யூப் கொடுங்க" என்கிறார், நான் இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகிறார். நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. நானும் நிறைய விற்றிருக்கிறேன்.

#4 ஆய்வக மேசை

மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் லேபில் இருக்கிறேன், வருகிற தோல் செதில்களைப் பார்ப்பதுதான் பாதி நாள் வேலை. வெங்காயம் சார், முதலில் உங்கள் மனபாரத்தை இறக்குகிறேன். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகவே சாப்பிட்டிருக்கலாம். உங்கள் தொடைக்கு வந்து சேரும்போதே அந்தப் பூஞ்சை டெர்பினாஃபினுக்கு அசையாத ரகமாக இருந்திருக்கலாம். சும்மா வந்தவன் சொல்லும் கோர்ஸ் கதை காசநோய்க்குச் சரி, இங்கே பாதிதான் சரி.

பழைய நாட்களில் நம் ஊர்ப் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணம் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. டெர்பினாஃபின் இரண்டு மூன்று வாரம் கொடுத்தால் ஓடிவிடும். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்தை வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பான் போன நோயாளிகளின் தோலில் எடுத்ததை வைத்து 2020ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். டினியா என்றால் படர்தாமரை, இன்டோ என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளிடமிருந்து ஆளுக்கு, துண்டிலிருந்து ஆளுக்கு, அப்படியே பரவுகிறது. 2023ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் கண்டுபிடித்து அறிவித்தார்கள், அதில் ஒருவர் சமீபத்தில் அமெரிக்காவை விட்டு எங்கும் போனதே இல்லை.

இப்போது மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பது. பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் எர்கோஸ்டெரால் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது, நமக்குக் கொலஸ்ட்ரால் மாதிரி அதற்கு அது. அதைத் தயாரிக்கும் வரிசையில் ஸ்குவாலின் எபாக்ஸிடேஸ் என்று ஒரு நொதி. டெர்பினாஃபின் அந்த நொதியின் இடுக்கில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தும். எர்கோஸ்டெரால் வராது, ஸ்குவாலின் உள்ளேயே தேங்கி விஷமாகும், பூஞ்சை சாகும். அந்த நொதி நானூற்றுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் 397ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டும், இந்த ரகத்தில் பல சமயம் அங்கே லூசின் இருக்கிறது. சில மாதிரிகளில் 393ஆவது இடம் மாறியிருக்கும். மாற்றம் அவ்வளவுதான். மருந்துக்கு உட்கார இடமில்லை, நொதியோ தன் வேலையைத் தொடர்ந்து பார்க்கிறது.

உங்கள் ஐந்து ட்யூப் இந்த மாற்றத்தை உண்டாக்கியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பூஞ்சை பெருகவும் வீட்டில் நாலு பேருக்குப் பரவவும் அது உதவியது. ஊர் முழுக்க லட்சக்கணக்கான தொடைகளில் இதே கதை நடந்தால், எங்கேயோ ஒன்றில் தற்செயலாக 397 மாறும், மாறியது மட்டும் பிழைக்கும், பிழைத்தது பக்கத்து ஆளுக்குப் போகும். அப்படித்தான் ஒரு தனி ஆளின் தவறாக இல்லாமல் எல்லோருடைய தவறாக இது ஆகிறது.

#5 வேளச்சேரி வெங்காயம்

சார், இதைப் படித்துவிட்டு மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நன்றி. ஒரு சந்தேகம், 250க்குப் பதில் 500 போட்டால் அடங்காதா? மூன்றாவது டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

#6 ஆய்வக மேசை

சாதாரண ரகமாக இருந்தால் கூடுதல் அளவு சில பேருக்குக் கை கொடுக்கும். 397 மாறிய ரகத்தை அடக்க, லேப் தட்டில் தேவைப்படும் மருந்து வழக்கமானதைவிட நூறு மடங்குக்கும் மேல். நீங்கள் இரண்டு மடங்கு போட்டு என்ன ஆகப்போகிறது, ஈரலுக்குத்தான் வேலை. டாக்டரைத் திட்டவும் வேண்டாம், எந்த ரகம் என்று தெரியாமல் அவரும் என்ன செய்வார். ஸ்கின் டாக்டரிடம் "சுரண்டி டெஸ்ட் எடுக்கலாமா, கல்ச்சருக்கு அனுப்பலாமா" என்று நீங்களே கேளுங்கள்.

டெஸ்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. வட்டத்தின் ஓரத்தில் மொண்ணைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டினால் மாவு மாதிரி செதில் உதிரும். அதை ஸ்லைடில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம், தோல் செல்கள் கரைந்து வெளுத்துவிடும், பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கலங்கிய பின்னணியில் கண்ணாடி நூல் மாதிரி கிளை விட்டு ஓடும், குறுக்கே குறுக்கே கோடு போட்டிருக்கும், சில நூல் துண்டு துண்டாக ஜவ்வரிசி கோத்த மாதிரி நிற்கும். அந்த ஜவ்வரிசிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். களிம்பு போட்ட அன்றைக்கு வராதீர்கள், ஒன்றும் தெரியாது. கல்ச்சருக்கு, அதாவது செதிலில் உள்ள பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்க, இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ரிப்போர்ட்டில் அதன் நெருங்கிய உறவுப் பூஞ்சையின் பெயரில் "மென்டக்ரோஃபைட்டிஸ்" என்றுதான் வரும், ஏனென்றால் கண்ணால் பார்த்து இன்டோட்டினியேவைப் பிரிக்க முடியாது, டிஎன்ஏ வரிசை படித்தால்தான் தெரியும், அது எல்லா லேபிலும் இல்லை.

#7 மூலிகை முருகேசன்

இவ்வளவு பேசுகிறீர்கள், சீமை அகத்தியை யாரும் சொல்லவில்லை. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். இலையை அரைத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பூசினால் படர்தாமரை போயே போச்சு, எங்கள் தாத்தா காலத்திலிருந்து பார்க்கிறோம்.

#8 மெடிக்கல் பாண்டி

முருகேசண்ணே, சீமை அகத்தி பரவாயில்லை. போன மாதம் ஒருத்தர் பூண்டை நசுக்கித் தொடையில் வைத்துத் துணி கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார், காலையில் தோல் வெந்து கொப்புளம். அதற்கும் என்னிடம்தான் ட்யூப் கேட்டு வந்தார்.

#9 ஆய்வக மேசை

சீமை அகத்தி இலையில் பூஞ்சையை அடக்கும் சரக்கு உண்மையாகவே இருக்கிறது, கிரைசோஃபானிக் அமிலம் அதில் ஒன்று. சின்னதாக ஒரு வட்டம், பழைய ரகம் என்றால் தாத்தாவுக்குக் கேட்டிருக்கும். நாலு பேர் இருக்கிற வீட்டில் 14 மாதம் குடியிருக்கும் பூஞ்சைக்கு அதை நம்பி இன்னும் இரண்டு மாதத்தை விடச் சொல்ல மாட்டேன்.

#10 சும்மா வந்தவன்

சரி, கோர்ஸ் விஷயத்தில் வாபஸ். ஆனால் எனக்கு அடிப்படையே புரியவில்லை. மூளை இல்லாத ஒன்றுக்கு "ஆபத்து வந்திருக்கிறது, மாறிக்கொள்வோம்" என்று எப்படித் தெரியும்? தற்செயலாக ஒரு எழுத்து மாறும் என்கிறீர்கள், அந்தத் தற்செயல் நடக்கும் வரைக்கும் மருந்து அதைக் கொல்லாமல் சும்மாவா இருக்கும்?

#11 ஆய்வக மேசை

இழையிலேயே நல்ல கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

மருந்தை எதிர்ப்பது ஒன்று, மருந்தில் சாகாமல் தாக்குப்பிடிப்பது வேறு. பூஞ்சை முதலில் தாக்குப்பிடிக்கிறது, அந்த இடைவெளியில்தான் எதிர்ப்பு பிறக்கிறது. தாக்குப்பிடிக்க அது புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பூஞ்சைகளுக்கு வெயில், உப்பு, வறட்சி, மண்ணில் மற்ற கிருமிகள் கக்கும் விஷம் எல்லாம் கோடிக்கணக்கான வருடப் பழக்கம். நம் உடம்பும் அதற்கு ஒரு கெட்ட ஊர்தான்: 37 டிகிரி சூடு, இரும்புச்சத்தைக் கண்ணில் காட்டாத ரத்தம், பெராக்சைடை ஊற்றும் வெள்ளை அணுக்கள். அதைச் சமாளிக்க வைத்திருக்கும் கருவிகளையே மருந்து வந்தாலும் எடுக்கிறது.

அதில் முக்கியமான ஒன்று ஹெச்எஸ்பி90 என்ற புரதம். மற்ற புரதங்கள் சரியாக மடியவும் சூட்டில் குலையாமல் நிற்கவும் உதவுவது அதன் வேலை. தார் போட்ட வாழை காற்றில் சாயாமல் இருக்கச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்போமே, அப்படி. 2005ல் லியா கோவன், சூசன் லிண்ட்குவிஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது இதுதான்: ஈஸ்ட்டிலும் கேண்டிடா என்ற பூஞ்சையிலும் ஹெச்எஸ்பி90ஐ முடக்கிவிட்டால், மருந்தை எதிர்க்கும் திறனே பெரும்பாலும் சரிந்து விழுகிறது. அதாவது மருந்தை எதிர்க்கப் பூஞ்சை பயன்படுத்தும் பல வழிகள் அந்த முட்டுக் கம்பை நம்பித்தான் நிற்கின்றன. சரி, அப்படியானால் ஹெச்எஸ்பி90ஐ அடிக்கும் மருந்தைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். நமக்கும் ஹெச்எஸ்பி90 இருக்கிறது, ஏறக்குறைய அதே வடிவத்தில். இதுதான் பூஞ்சை மருந்தில் ஓயாத தலைவலி, பாக்டீரியா நமக்குத் தூரத்து உறவு, பூஞ்சை பங்காளி. அதனால்தான் பாக்டீரியாவுக்கு அத்தனை வகை ஆன்டிபயாடிக் இருக்க, ரத்தத்தில் போகும் பூஞ்சைக்கு உருப்படியாக மூன்று நான்கு வகை மருந்துதான் கையில்.

இரண்டாவது தந்திரம் எனக்குப் பிடித்தது. கேண்டிடா அல்பிகன்ஸை ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தில் போட்டால் சில செல்கள் ஒரு குரோமோசோமின் பாதியைக் கூடுதல் பிரதியாக எடுத்து வைத்துக்கொள்கின்றன. ஐந்தாவது குரோமோசோமின் இடது கை அது, 2006ல் ஜூடித் பெர்மன் குழு கண்டது. அந்தக் கையில்தான் மருந்து குறிவைக்கும் நொதியின் மரபணுவும் இருக்கிறது, மருந்தை வெளியே இறைக்கும் பம்புகளை முடுக்கும் மரபணுவும் இருக்கிறது. கூடுதல் பிரதி என்றால் கூடுதல் நொதி, கூடுதல் பம்பு. முகூர்த்த மாதத்தில் சமையல்காரர் கூடுதலாக ஒரு செட் ஆட்களை வைத்துக்கொண்டு, ஆடி வந்ததும் அனுப்பிவிடுவாரே, அதேபோல மருந்து நின்றதும் பல சமயம் அந்தப் பிரதியைத் தூக்கிப் போட்டுவிடும். அப்புறம் லேபில் சோதித்தால் "மருந்துக்குக் கேட்கும்" என்று ரிப்போர்ட் வரும், நோயாளிக்குக் கேட்காது.

பம்பு என்றேன். ஓட்டைப் படகில் வரும் தண்ணீரை வாளியால் இறைக்கும் வேலைதான். எவ்வளவு வேகமாக மருந்து உள்ளே வருகிறதோ அவ்வளவு வேகமாக வெளியே.

பூஞ்சை செல்லின் சுவரைத் தாக்கும் எக்கினோகாண்டின் என்ற மருந்து வகை இருக்கிறது, காஸ்போஃபங்கின் அதில் ஒன்று. அது சுவர் கட்டத் தேவையான குளூக்கான் என்ற சரக்கைத் தடுக்கும். பூஞ்சை என்ன செய்யும் தெரியுமா, குளூக்கான் இல்லையா, சரி, சுவரின் இன்னொரு சரக்கான கைட்டினைக் கூடுதலாகப் பூசிச் சுவரை எழுப்பிக்கொள்ளும். செங்கல் லாரி வராத நாளில் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டும் மேஸ்திரி மாதிரி.

இதில் எதற்கும் மூளை தேவையில்லை. சுவர் இளகுவதை உணரும் புரதம் ஒன்று, அது தட்டிவிடும் அடுத்தது, அது தட்டிவிடும் இன்னொன்று, கடைசியில் மரபணு முடுக்கப்படுகிறது. இப்படி நாலு நாள் பிழைத்துக் கிடந்தால் போதும், கோடிக்கணக்கான செல்கள் பிரிகின்றன, அதில் ஒன்றில் எழுத்துப்பிழை நேர்ந்தாலும் ஆட்டம் மாறிவிடும்.

#12 லண்டன் தாதி

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். நீங்கள் தோலில் வருவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்களுக்கு வோர்டில் பயம் கேண்டிடா ஓரிஸ் என்ற பூஞ்சை. டோக்கியோவில் ஒரு 70 வயதுப் பெண்ணின் காதுக்குள் இருந்து எடுத்து 2009ல் விவரித்ததால் அந்தப் பெயர், ஓரிஸ் என்றால் லத்தீனில் காது. அதற்குப் பிறகு கொஞ்ச வருடத்திலேயே இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் ஒரே காலத்தில் கிளம்பியது. ஒரு ஊரிலிருந்து பரவியது என்றால் மரபணு ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையே, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு கிளை.

இதன் பிடிவாதத்துக்கு ஒரு உதாரணம். ஒக்ஸ்ஃபோர்டில் மூளை நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 2015 முதல் 2017 வரை 70 பேருக்கு இது ஒட்டியது. படுக்கை, திரை, காற்று எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது கக்கத்தில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி, துடைத்துத் துடைத்து அடுத்த நோயாளிக்கு வைப்பது. அதை எடுத்த பிறகுதான் அடங்கியது. நாங்கள் வழக்கமாகத் துடைக்கும் சில கிருமிநாசினிகளுக்கு இது சாகாது, குளோரின் வேண்டும். காய்ந்த மேசையில் வாரக்கணக்கில் இருக்கும். 42 டிகிரியிலும் வளரும். அமெரிக்காவில் சோதித்தவற்றில் பத்தில் ஒன்பது ஃப்ளூகோனசோலுக்கு அசையவில்லை. கையுறை கழற்றினவுடன் கை கழுவாத ஒரு ஆளைப் பார்த்தால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும்.

#13 ஆய்வக மேசை

அக்கா சொன்ன 42 டிகிரிக்குப் பின்னால் ஒரு விவாதம் ஓடுகிறது. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி தாங்காது, அதுதான் பாலூட்டிகளுக்கு இயற்கை கொடுத்த வேலி. உலகம் சூடாகச் சூடாகச் சில பூஞ்சைகள் சூட்டுக்குப் பழகி அந்த வேலியைத் தாண்டுகின்றனவோ, ஓரிஸ் அதில் முதலாவதோ என்று ஆர்துரோ காசடெவால் என்பவர் 2019ல் எழுதினார். அப்புறம் டெல்லியில் அனுராதா சௌத்ரி குழு அந்தமான் கடற்கரையிலும் உப்புச் சதுப்பிலும் இதே ஓரிஸை எடுத்து 2021ல் வெளியிட்டது. அங்கே கிடைத்ததில் ஒன்று சூட்டில் மெதுவாகத்தான் வளர்ந்தது, மருந்துகளுக்கும் அடங்கியது. அழகான சான்று, ஆனால் முடிந்த தீர்ப்பு இல்லை. மனிதன்தான் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டானோ என்றும் கேட்கலாம்.

#14 டெல்டாக்காரன்

ரொம்ப நேரமாகப் படிக்கிறேன். நீங்கள் "கோனசோல், கோனசோல்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது, ஏனென்றால் நான் நெல்லில் இலையுறைக் கருகலுக்கு அடிப்பது ஹெக்சாகோனசோல், நெற்பழ நோய்க்கு அடிப்பது புரோபிகோனசோல். இரண்டும் ஒரே குடும்பமா? அப்படியானால் நான் வயலில் அடிப்பதும் இதில் சேர்த்தியா?

#15 ஆய்வக மேசை

ஒரே குடும்பம்தான் அண்ணா, அசோல் குடும்பம். கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது, கலக்கிவிடக் கூடாது.

வெங்காயம் சாரின் படர்தாமரைக்கும் உங்கள் வயலுக்கும் சம்பந்தம் இல்லை. டெர்பினாஃபினைப் பயிருக்கு யாரும் அடிப்பதில்லை, அந்தப் பூஞ்சை மண்ணிலும் வாழ்வதில்லை, மனிதத் தோலிலேயே சுற்றுகிறது. அந்தப் பழி மருந்து கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும்.

ஆனால் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்று ஒன்று உண்டு, மக்கும் குப்பையில் வாழ்வது. உரக்குழி சூடேறி ஆவி வருமே, அந்தச் சூடு அதற்குச் சொர்க்கம். அதன் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன, நாம் எல்லோரும் தினமும் இழுக்கிறோம், நல்ல உடம்பு துப்பிவிடும், நுரையீரல் பழுதானவர்களுக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் ஆளையே கொல்லும். நெதர்லாந்தில் டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: வாழ்க்கையில் அசோல் மாத்திரையே சாப்பிடாத நோயாளிகளின் நுரையீரலில் அசோலுக்கு அடங்காத அஸ்பெர்ஜில்லஸ். பெரும்பாலானவற்றில் ஒரே மாற்றம், அசோல் குறிவைக்கும் நொதியின் 98ஆவது இடத்தில் ஒரு எழுத்து, கூடவே அந்த மரபணுவின் முன்னால் 34 எழுத்து நீளத் துண்டு இரண்டு முறை. அந்த இரட்டைத் துண்டு நொதியை அதிகமாகச் சுரக்க வைக்கும். நோயாளிக்கு நோயாளி தனித்தனியாக இப்படி ஒரே மாதிரி நடக்காது, ஒரு பொது ஊற்று வேண்டும். தேடிப் போனால் மண்ணிலும் அசோல் கலந்த பூக்கிழங்குக் கழிவுக் குவியல்களிலும் அதே மாற்றம் இருந்தது. டூலிப் கிழங்குகளை அசோல் கரைசலில் முக்கித்தான் நடுகிறார்கள். இந்திய மண்ணிலும் அதே மாற்றம் இருப்பதாக 2012ல் வெளியானது.

மருந்தே அடிக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, விளைச்சல் போனால் நான் வந்து கொடுக்கப் போவதில்லை. எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஓலோரோஃபிம் என்று புது வகை மருந்து ஒன்று, அசோலுக்கு அடங்காத அஸ்பெர்ஜில்லஸுக்காகப் பல வருடம் பாடுபட்டு இன்னும் மனிதச் சோதனையில் இருக்கிறது. அது நோயாளிகளுக்கு வந்து சேரும் முன்பே, அதே இலக்கைத் தாக்கும் இப்ஃப்ளூஃபெனோகுவின் என்ற பயிர் மருந்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கதவு திறப்பதற்குள் வயலில் ஒத்திகை முடிந்துவிடும்.

#16 டெல்டாக்காரன்

எங்கள் கடையில் "இது அடிச்சா பச்சை பிடிக்கும்" என்று நோய் இல்லாமலே கொடுப்பார்கள். நோய் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். எல்லோரும் அடிக்கும்போது நாம் அடிக்காமல் இருக்க ராத்திரி தூக்கம் வராது, அது வேறு விஷயம்.

#17 சும்மா வந்தவன்

2021ல் வந்த கறுப்புப் பூஞ்சையும் இதே கேஸ்தானா?

#18 ஆய்வக மேசை

இல்லை. அது மியூக்கர் என்ற வேறு வகைப் பூஞ்சை, பிறவியிலேயே ஃப்ளூகோனசோலுக்கும் வொரிகோனசோலுக்கும் அசையாது, புதிதாகப் பழகியதில்லை. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் கதவைத் திறந்தன. ஆம்போடெரிசின் ஊசி கிடைக்காமல் ஜனங்கள் அலைந்த அந்த வைகாசி இன்னும் கண்ணில் இருக்கிறது. ஸ்டீராய்டு மட்டும் பொது.

#19 வேளச்சேரி வெங்காயம்

சார், ஸ்கின் டாக்டர் மாறினேன், சுரண்டி எடுத்தார்கள், கல்ச்சருக்குப் போயிருக்கிறது. டெர்பினாஃபினை நிறுத்திவிட்டு, அசோல் குடும்பத்து இட்ராகோனசோல் ஆரம்பித்திருக்கிறார், ஈரல் டெஸ்ட் எடுத்த பிறகு. மகளுக்குக் களிம்பு மட்டும். வீட்டில் என்ன செய்ய வேண்டும்? அந்த ஜவ்வரிசி என்ன ஆனது?

#20 மெடிக்கல் பாண்டி

இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் பற்றி நான் சொல்கிறேன். சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் அது கரைந்து ரத்தத்தில் ஏறும். நம் ஆட்கள் எந்த மாத்திரையோடும் ஒரு கேஸ் மாத்திரை சேர்த்துப் போடுவார்களே, அதைப் போட்டால் புளிப்பு போய்விடும், மருந்து அப்படியே வெளியேறும், பழி பூஞ்சை மேல். அம்மாவுக்கும் கொடுக்கிறார்களா? கொலஸ்ட்ரால் மாத்திரை சிலவற்றோடு இது சேராது, இதயம் பலவீனமானவர்களுக்கும் ஆகாது, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

#21 ஆய்வக மேசை

ஜவ்வரிசி: நூல் துண்டாகிக் கிடக்கும் அந்த மணிகள்தான் அதன் பஞ்சகால வேஷம். தடித்த சுவர், சாப்பாடு தேவையில்லை, உதிர்ந்த செதிலோடு துணியிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஓடுகிற பூஞ்சையைத்தான் மருந்து பிடிக்கும், தூங்குகிறதை அவ்வளவாகப் பிடிக்காது. அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் டாக்டர் சொன்ன வாரம் வரை போவது அதற்காக.

வீட்டில்: துண்டு, உள்ளாடை, லுங்கி எல்லோருக்கும் தனித்தனி. நோய் உள்ளவர் துணியை மற்றவற்றோடு ஊறப் போடாதீர்கள். 60 டிகிரி வெந்நீர், மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் கொதிக்கிற அண்டாவில் போட்டு எடுங்கள், வெயிலில் உள்பக்கம் வெளியே வரும்படி காயப்போடுங்கள். இடுப்பில் அரைஞாண் கயிறு, தாயத்து இருந்தால் கழற்றுங்கள், அதை யாரும் துவைப்பதே இல்லை. இறுக்கமான ஜீன்ஸை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம்.

#22 லண்டன் தாதி

குளித்துவிட்டு முகம் துடைத்த துண்டால் இடுப்புக்குக் கீழே துடைத்து, அதையே பிறகு பிள்ளைக்குத் துடைப்பது எங்கட வீடுகளிலும் நடக்கும். தங்கச்சியின் கன்னத்துக்கு அப்படித்தான் வந்திருக்கும், பாவம்.

#23 வேளச்சேரி வெங்காயம்

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன், பாதியில் விட்டுப் போகும் ஆள் இல்லை என்று சும்மா வந்தவனுக்குக் காட்டத்தான். கல்ச்சரில் மென்டக்ரோஃபைட்டிஸ் என்று வந்தது, சார் சொன்ன மாதிரியே. அரிப்பு மூன்றாவது வாரம் நின்றது, இந்த முறை நான் நிறுத்தவில்லை. மகள் கன்னம் சுத்தம். அம்மாவுக்குப் பழுப்புக் கறை மட்டும் இருக்கிறது, மனைவிக்கு அதுவும் இல்லை. என் தொடையில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கின்றன, ஐந்து ட்யூப் ஸ்டீராய்டு போட்ட அடையாளம், அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். பொங்கலுக்கு வந்த மாமா கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துத் தலை துவட்டி, தோளில் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார். நேற்று அத்தை ஃபோனில் "மாமாவுக்குக் கழுத்தில் ஏதோ வட்டமா வந்திருக்கு, மெடிக்கலில் ஒரு பச்சை ட்யூப் கொடுத்திருக்காங்க, நல்லா கேக்குது" என்கிறார். அவரிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

#24 மெடிக்கல் பாண்டி

ட்யூபிலிருந்து ஆரம்பியுங்கள். துண்டை அப்புறம் கேட்கலாம்.